நோன்பு மாதத்தில் ஒரு பச்சை மீன் விருந்து

ஒரு சின்ன வெள்ளைச் சாசர். அதன் நடுவில் விரல் நீளத்துக்குப் பிடித்த சோற்றுக் கட்டி. மேலே மெல்லியதாகச் சீவிய பச்சை வஞ்சிரத் துண்டு, அதன் மேல் ஒரு சொட்டு மஞ்சள் சாஸ். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பகல் பதினொரு மணிக்கு அந்தச் சாசரை ஒருவர் என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தட்டுகளைத் தூக்கியிருக்கிறேன். ஓட்டல் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். கனம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சாசர்தான் நினைவுக்கு வருகிறது.

போன மாதம் என் மகள் என் பிறந்த நாளைச் சாக்கிட்டு என்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு உணவகத்துக்கு அழைத்துப் போனாள். அவள் படூரில் அடுக்குமாடியில் இருக்கிறாள், மாதம் ஒரு புது இடத்தில் சாப்பிட்டாக வேண்டும் அவளுக்கு. இது பிரெஞ்சுச் சமையலையும் ஜப்பான் சமையலையும் கலந்து செய்கிற இடமாம். உள்ளே விளக்கு மங்கல், பேச்சு கிசுகிசுப்பு, சாப்பிட வந்தோமா துக்கம் விசாரிக்க வந்தோமா என்று எனக்குச் சந்தேகம். பரிமாறிய பையன் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிரசங்கம் வைத்தான். எந்தக் கடல், எந்த வெண்ணெய், எத்தனை நாள் ஊறிய வினிகர்க் காடி என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பசி போய்விட்டது. எனக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோறு. மகளுக்கு மீன். அவள் தட்டு வந்து இறங்கியதும் குனிந்து பார்த்தேன். அதே விரல் நீளச் சோறு, அதே மெல்லிய மீன், அதே மஞ்சள் சாஸ். இதை உலகத்துக்கே புதிதாகக் கண்டுபிடித்தது போல அந்தப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான். மாமல்லபுரத்தில் எண்ணெய் ஒழுகும் ஒரு ஸ்டவ் அடுப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இதைச் செய்து பார்த்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கடலோரம் கட்டிய ஒரு சின்ன ஓட்டலில் அவர்தான் சமையல். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய சின்ன ஊர் அவருடையது. வாலிப வயதில் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் அடுப்படியில் பதினைந்து வருஷம் இருந்தவர். வெண்ணெயை உருக்கி, முட்டை மஞ்சளை அடித்து, எலுமிச்சை பிழிந்து அவர் செய்கிற சாஸைத் தட்டோடு வழித்துச் சாப்பிடாத வெள்ளைக்காரரை நான் பார்த்ததில்லை. படிப்பு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. ஆனால் மீன் கூடை வாசலில் இறங்கும்போதே, செவுளைத் தூக்கிப் பார்க்காமல், “இது நேத்து வலைப்பா, எத்துக்கினு போ” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் அங்கே பரிமாறுகிறவன். திருக்கழுக்குன்றத்தில் கோயில் மடைப்பள்ளியில் என் அப்பா சமையல். வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட யாரும் உரக்கச் சொன்னதில்லை. செங்கல்பட்டில் இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்து கடைசியில் இந்த ஓட்டலுக்கு வந்தபோது மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, “கறி, மீன் எல்லாம் சாப்பிடுவியா? சாப்பிடாதவன் இங்க தட்டு தூக்கவே கூசுவான், எனக்கு வேணாம்.” நான் யோசிக்கவே இல்லை. சாப்பிடுவேன் சார் என்றேன். அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஓட்டினேன். பணியாளர்களுக்கு மீன் குழம்பு வைக்கிற நாளில் எனக்கு வயிறு சரியில்லாமல் போகும். பாயே ஒரு தடவை சிரித்தார்: “இன்னாப்பா, உன் வயிறு நாளு கெயம பாத்து கெட்டுப்போவுதா?”

அந்த வருஷம் ரம்ஜான் மாதம் ஓட்டலில் கூட்டம் தொடங்குகிற மழைக்காலத்தில் வந்தது. பாய் நோன்பு பிடிப்பதில் ஒரு நாள் தவற மாட்டார். பகல் முழுக்க அடுப்பின் முன்னால் நின்று ஊராருக்கு வடித்துக் கொட்டுவார், உமிழ்நீரைக்கூடச் சந்தேகத்தோடு விழுங்குவார். நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று பெரியவர்கள் சொல்வார்களே என்று யாரோ கேட்டதற்கு, “தொட்டா முழுங்கத் தோணும், நமக்கு எதுக்கு அந்தப் பேஜாரு” என்றுவிட்டார். அந்த ஒரு மாதத்துக்கு அவருக்கு வேறொரு நாக்கு வேண்டியிருந்தது. உதவி ஆளுக்கு எந்நேரமும் வாயில் வெற்றிலை. அதனால் என்னைப் பிடித்தார். என் அப்பா மடைப்பள்ளியில் சாமிக்குப் படைப்பதற்கு முன் எதையும் ருசி பார்க்க மாட்டார், கை அளவுதான் கணக்கு என்று நான் ஒரு தடவை சொல்லியிருந்தேன். அது பாய்க்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “உங்க நைனாவும் நானும் ஒரே கேசு. அவருக்கு வருசம் பூரா, எனக்கு ஒரு மாசம்” என்பார். உப்பும் புளிப்பும் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். காய்கறி சாஸ், தக்காளி சூப் எல்லாம் சரியாகச் சொன்னேன். கறி சேர்ந்ததை உதட்டில் தொட்டுவிட்டுக் கொல்லையில் போய்த் துப்பினேன். அதுவரை தப்பு நேரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாயின் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அவர் கைப்பக்குவம்தான். விடியற்காலையில் போய் அரிசி, பருப்பு, வெந்தயம் எல்லாம் அளந்து வைத்து, ஆட்களுக்குச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் வேலைக்கு வருவார். மாலையில் ஊரே தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்குமாம். எங்களுக்கும் ஒரு தூக்கு வந்து சேரும். அதில் கறி கிடக்கும் என்பதால் என் பங்கை வாட்ச்மேன் குடித்தார். அந்தக் கஞ்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் பாயின் குரலில் ஒரு பெருமை இருக்கும். வேறு எதற்கும் அவர் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை.

அப்போது ஒரு ஜப்பான்காரரும் அவர் மனைவியும், அவர்களோடு ஒரு பிரெஞ்சுத் தம்பதியும் வந்து பத்து நாள் தங்கினார்கள். அந்த ஜப்பான் அம்மாள் ஒரு நாள் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார். பாய்க்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும், வெந்த சோற்றில் காடியும் சர்க்கரையும் விட்டு விசிறியால் வீசி ஆற்ற வேண்டும், மீனை இந்தச் சாய்வில் அரிய வேண்டும் என்றெல்லாம் கையாலேயே சொல்லிக் கொடுத்தார். மேனேஜருக்கு உடனே ஒரு யோசனை. சென்னையிலிருந்து முதலாளி வருகிற நாளில் இரண்டு நாட்டுச் சாப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பகல் விருந்து போட வேண்டும். முதலாளி டில்லியில் படித்த ஒருவரைத் தலைமைச் சமையலுக்குக் கொண்டுவர நினைத்துக்கொண்டிருந்தார். இந்த விருந்து நன்றாக அமைந்தால் பாய்க்கே அந்த இடம், இல்லாவிட்டால் அவருக்கு மேலே இன்னொருவர். இது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும்.

விருந்தன்று நல்ல வஞ்சிரம் வந்தது. அதை வகுந்தது உதவி ஆள். அவசரத்தில் கத்தி நுனி பட்டுப் பித்தப்பை உடைந்திருக்கிறது. கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டான், எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பித்தம் பட்ட சதையின் கசப்பு வாசனையில் தெரியாது, வாயில் வைத்தால்தான் தெரியும். குழம்பாக இருந்தால் புளியும் மிளகாயும் கொஞ்சம் மறைக்கும். பச்சை மீனில் எது மறைக்கும்? பாய் மீனைச் சீவி, சோற்றின் மேல் படுக்க வைத்து, தன் எலுமிச்சை சாஸில் கடுகு அரைத்துக் கலந்து ஒவ்வொரு சொட்டு வைத்தார். முதலில் செய்ததைத்தான் சாசரில் வைத்து என்னிடம் நீட்டினார். “முயுசா வாயில போட்டு, நல்லா மென்னு பாத்துட்டு சொல்லு தம்பி. அவசரமில்ல.”

சாசரை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வெளியே போனேன். மூக்கருகே கொண்டுபோனேன், முடியவில்லை. தப்பு செய்கிறோம் என்ற எண்ணம்கூட அப்போது எனக்கு இல்லை. அவர் கை எப்போது தவறியிருக்கிறது என்ற தைரியம்தான். துண்டைச் சவுக்குத் தோப்புக்குள் எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

“எப்டி கீது?”

“பிரமாதம் பாய்.”

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி முதல் துண்டைக் கடித்ததும் மேஜையிலேயே துப்பினார். பிரெஞ்சுக்காரர் துணியை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். ஜப்பான் அம்மாள் மட்டும் முகம் மாறாமல் விழுங்கிவிட்டு, பாயின் மனம் நோகக் கூடாது என்றோ என்னவோ, இரண்டாவது துண்டையும் எடுத்துச் சாப்பிட்டார். பாயைக் கூப்பிட்டார்கள். நான் தண்ணீர்க் கூஜாவோடு சுவரோரம் நின்றேன். விருந்தாளிகளைக் கூட்டிவந்த கார் டிரைவர் வாசற்படியில் நின்றார். அவர் பாயின் ஊர்க்காரர், அதே பள்ளிவாசல்.

“கசக்குதுய்யா! வாயில வெச்சுப் பாத்தியா இல்லியா?” என்று முதலாளி கத்தினார்.

பாய் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. என் முகத்தில் எல்லாமே எழுதியிருந்திருக்கும்.

“பாத்தேன் சார். ஒரு துண்டு தின்னுதான் பாத்தேன். எனக்குத் தெரியல. தப்பு என்னுது.”

வாசற்படியில் டிரைவர் சட்டென்று நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது. நான் பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். இல்லை சார், அவர் நோன்பு, ருசி பார்க்க வேண்டியவன் நான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கூஜாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டில்லிக்காரர் வந்து சேர்வதற்குள் பாயே விலகிக்கொண்டார். தன் கத்திகளை ஒரு பழைய லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். நோன்பு மாதம் இன்னும் முடியவில்லை. நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஏன் பாய் என்னை மாட்டிவிடவில்லை என்று கேட்டேன்.

“உன் பேர சொன்னா மட்டும் என் வேல நிக்குமா? உன் வேலயும் சேந்து போவும். ரெண்டு வூட்ல எதுக்கு அடுப்பு அணையணும்?” கத்தி மூட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “மீனு திங்கமாட்டேன்னு நீ சொல்லியிருக்கலாம்பா. வாட்ச்மேனுக்கு ஒரு துண்டு குடுத்திருப்பேன். அவ்ளோதான.”

“நோன்ப விட்டதா எல்லாரும் நெனச்சுக்கினு இருக்காங்களே பாய்.”

“மேல கீறவனுக்குத் தெரியும்” என்றார். பஸ் வந்துகொண்டிருந்தது. “பள்ளிவாசல்ல கஞ்சிக்கு வரவேணாம்னுட்டானுங்க. அதுதான் கொஞ்சம்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஏறிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குப் போனேன். தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பல வருஷம் கழித்து அந்த டிரைவரைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பாய் மௌத்தாகிவிட்டார் என்றார். கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கிக்கொண்டிருந்தாராம். கடைசிவரை நோன்புக் கஞ்சிக்கு மட்டும் அவரைக் கூப்பிடவில்லையாம். “நல்ல கை அண்ணாத்த. ஆனா நோன்புல தின்ன ஆளாச்சே” என்றார். அப்போதும் நான் தலையை ஆட்டினேன். பாயே இல்லாமல் போன பிறகு எனக்கு என்ன பயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதை எல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது அவள் தட்டில் மீன் அப்படியே இருந்தது. சமையல்காரர், முப்பது வயதுகூட இருக்காது, மேஜை மேஜையாக வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களிடமும் வந்தார். வாயில் தயாராக ஒரு பிரமாதம் வந்து நின்றது. “நான் இன்னும் சாப்பிடல தம்பி. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

மகள் சிரிக்கவில்லை. “அவங்க ஊர்ல போய் இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலியாப்பா?” என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் இதை எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர் யாராவது படிப்பார்களா என்பது தெரியாது. அவரைக் கஞ்சிக்கு வர வேண்டாம் என்றவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. அவர்கள் மேல் குற்றமில்லை, அவர் வாயால் சொன்னதைத்தான் நம்பினார்கள். பாய் அன்றைக்குச் சூரியன் இறங்கும்வரை ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கவில்லை. தின்று பார்த்தேன் என்று சொன்னது என்னைக் காப்பாற்ற. அவர் நோன்போடுதான் இருந்தார்.