கார் ஷெட்டில் போட்ட மெட்டு

எழுபத்தொன்றாம் வருஷ நவராத்திரியில் ஜலஜா அடையாறு காந்தி நகரில், அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கொலுவுக்குப் போனாள். வழக்கம்போல, “ஒரு பாட்டுப் பாடேன்” என்றார்கள். மயிலாப்பூரில் பெண்ணாகப் பிறந்தால் பாடாமல் சுண்டல் கிடைக்காது. பாடி முடித்தாளோ இல்லையோ, பின்வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது. கூடவே டிரம்ஸ். வீட்டு மாமி முகத்தைச் சுளித்தாள். ஜலஜாவுக்கோ உடம்பு சிலிர்த்தது.

சுண்டல் பொட்டலத்தோடு போய் எட்டிப் பார்த்தாள். நாலு பையன்கள், பழைய வால்வு ரேடியோவில் கிதாரைச் சொருகி வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிதாரோடு நின்றவன் அவளுடைய சொந்த அண்ணன் சுப்பராமன். அக்கவுண்டன்சி டியூஷனுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்த மகானுபாவன்!

“அப்பாட்ட சொல்லிடாதேடி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“சொல்லலை. ஆனா நானும் வருவேன்.”

அப்பா சந்தேகப்பட்டபோதெல்லாம் அவளே முன்னால் நின்று அண்ணனுக்காகப் பொய் சொன்னாள். அந்த முரட்டுச் சத்தத்துக்கு ஒரு மெட்டும் போட்டாள். அவள் ஸ்வரம் ஸ்வரமாகச் சொல்ல, அவன் கிதாரில் பிடித்தான். தன் காலேஜ் விழாவில் அதை நீதான் பாடப்போகிறாய் என்று சத்தியம் செய்தான். கொலுவைத் தாண்டி அவளை யாரும் பாடக் கூப்பிட்டதில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

விழாவன்று கச்சேரிக்குப் போவதுபோல அரக்குப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாகப் போய் நின்றாள். அண்ணன் ஓரமாகக் கூப்பிட்டான்.

“தப்பா நினைச்சுக்காதே. இப்படி நின்னா பஜனை கோஷ்டின்னு சிரிப்பா. வேற பொண்ணு பாடட்டும்னு போன வாரமே முடிவு பண்ணிட்டோம்.”

போன வாரமேவா! நேற்றுகூட உட்காரவைத்து நாலு தரம் பாடச் சொன்னானே, பாவி. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கத்தானா?

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். மெட்டு சுப்பராமன் என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் விசிலடித்தது. பாட்டு பிரமாதமாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். கூடப் பிறந்தவனே கழுத்தறுத்துவிட்டான்.

மறுநாள் காலை அவன் ஒன்றுமே நடக்காததுபோலச் சமையலறைக்கு வந்தான்.

“நேத்து ஏன் லேட்டுன்னு அப்பா கேக்கறார். டியூஷன்ல பரீட்சைன்னு சொல்லிடேன். நீ சொன்னாத்தான் நம்புவார்.”

நம்புவார்தான். ஜலஜா காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வாயைத் திறந்தால் இனி அந்தக் கார் ஷெட் அவளுக்கும் இல்லை. போகட்டும்.

“அப்பா, சுப்பு டியூஷனுக்கே போறதில்லை,” என்றாள். “இத்தனை நாளும் நான்தான் பொய் சொல்லிண்டிருந்தேன்.”