நல்ல கைன்னு ஒருத்தர் சொன்னார்

காலங்காத்தால ஊசியோட வாசல்ல வந்து நிக்கிறவளை எந்த வீட்டிலயும் சிரிச்ச முகமா வரவேற்க மாட்டாங்க. ராஜபாளையத்துல ஒரு லேப்ல எனக்கு அந்த வேலைதான். விடிஞ்சும் விடியாம ஸ்கூட்டியைக் கிளப்பி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்னு வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துட்டு வரணும். அடுத்தவங்க உடம்புல கை வச்சுப் பிழைக்கிற நர்ஸ் அக்காமாரே, பல் டாக்டர்மாரே, சவரம் பண்ணுற அண்ணன்மாரே, உங்களுக்குத்தான் இது புரியும். நாம நல்லாச் செஞ்சா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. தப்பாச் செஞ்சா தெருவே பேசும்.

மூணாவது வாரம்

வேலைக்குச் சேர்ந்து மூணாவது வாரம். அன்னைக்கு முதல் வீட்டுல ரெண்டு தடவை குத்தியும் ரத்தம் வரல. அடுத்த வீட்டு அம்மா, படிச்சு முடிச்சுட்டு வந்தியா, இல்ல எங்க கையில படிக்கிறியான்னு கேட்டுட்டாங்க. கேட்டதுல தப்பும் இல்ல, என் கை அப்படி நடுங்குச்சு. இன்னைக்கோட சரி, பெட்டியை லேப்ல வச்சுட்டு வேற பொழப்பைப் பார்த்துக்குவோம்னு முடிவு பண்ணிட்டேன். மிச்சம் ஒரே ஒரு வீடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன சுபேதார் ஐயா வீடு.

அவர் போர்ட்டிகோவுல சேரைப் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தயாரா உட்கார்ந்திருந்தார். ரப்பர் பட்டையைக் கட்டினேன், குத்தினேன், ரத்தம் வந்துது. எப்படி எடுத்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாது, ஊசி வெளியே வந்தப்பதான் மூச்சே வந்துது. பஞ்சை அழுத்திக் கையை மடக்கிக்கிட்டு அவர் சொன்னார்: "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல தாயி. உனக்கு நல்ல கை."

திரும்பி வந்த ரோடு

அன்னைக்கு நான் ஸ்கூட்டி ஓட்டிட்டு வந்தேன்னு சொன்னா அது பொய். ஸ்கூட்டிதான் என்னைக் கொண்டு வந்து சேர்த்துது. மேற்கே மலையில மேகம் இறங்கி, எது மலை எது வானம்னு பிரிச்சுப் பார்க்க முடியல. தென்னந்தோப்புல ஈரக்காத்து. ஆஸ்பத்திரி வாடையே இல்லாத ஏதோ ஒரு உலகத்துல நான் மட்டும் மெதுவாப் போயிட்டிருந்தேன். பின்னால லாரிக்காரர் எத்தனை ஹாரன் அடிச்சாரோ, பாவம், கடைசியில ஒதுங்கி அவரே முந்திப் போயிட்டார். நல்ல கை, நல்ல கைன்னு ஹேண்டில்பாரைப் பிடிச்சிருந்த என் கையையே பார்த்துக்கிட்டு வந்தேன். இதுவரைக்கும் அதை யாரும் நல்லதுன்னு சொன்னதில்ல. சோறு குழைஞ்சா திட்டு, கோலம் கோணினா திட்டு, அதுக்கு அம்புட்டுதான் மரியாதை.

லேப்புல பெட்டியை வச்சேன். வேலையை விடுறேன்னு சொல்ல மறந்தே போச்சு. கவுண்டர்ல இருக்கிற செல்வி என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கேட்டா: "ஏட்டி, ரத்தம் எடுக்கப் போனியா, சாமி பார்க்கப் போனியா?"

கண்ணு படும்

ராஜபாளையத்துல ஒரு அம்மா, வீட்டுல தெலுங்கு பேசுறவங்க. மாசம் ஒருக்கா அவங்களுக்கு ரத்தம் எடுக்கணும். ஏன் லேட்டு, செருப்பை ஏன் அங்க விட்ட, பஞ்சு ஏன் இம்புட்டுப் பெருசுன்னு ஆரம்பிச்சா நான் தெருமுனை திரும்புற வரைக்கும் குறை கேட்கும். ஒரு தடவை நான் காய்ச்சல்ல படுத்துட்டேன். லேப்ல இருந்து வேற ஆள் போனா, அந்தப் பொண்ணு வந்தா கையை நீட்டுறேன், இல்லன்னா சுகர் இருந்துட்டுப் போகட்டும்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

குணமாகி நான் போனப்ப, இன்னைக்காவது ஒரு நல்ல வார்த்தை விழும்னு செத்த நேரம் கூடுதலாவே உட்கார்ந்து பார்த்தேன். பஞ்சை மெதுவா வச்சேன், குப்பி ஸ்டிக்கர்ல பேரை நேரா எழுதினேன். அந்த அம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. "நல்லாருக்குன்னு வாயால சொன்னா உன் கைக்குக் கண்ணு பட்டுரும். பேசாம கிளம்பு."

முழுக்கைச் சட்டை

சுபேதார் ஐயா வீட்டுக்கு ஏழு வருசம் போனேன். ஒவ்வொரு தடவையும் என்னையத்தான் கேட்டுக் கூப்பிடுவார். போன வருசம் அவர் தவறிட்டார். மூணு மாசம் கழிச்சு அவர் வீட்டம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். பேச்சுவாக்குல, ஐயா அன்னைக்குச் சொன்ன சொல்லுலதான் நான் இந்த வேலையிலயே இருக்கேன்னு சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

பொறவு சொன்னாங்க. அன்னைக்கு நான் போனதுக்கப்புறம் அவர் கை வீங்கி, முழங்கைக்கு மேலயும் கீழயும் நீலம் பாரிச்சுப் போச்சாம். ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிஞ்சாராம். எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுது. பட்டையை அவுக்காம ஊசியை உருவியிருக்கேன். முதல் பாடமே அதுதான், அவுத்துட்டு எடு, இல்லன்னா ரத்தம் தோலுக்குள்ள கசியும்னு. எனக்குத் தலையைத் தூக்க முடியல. லேப்புக்குப் போன் பண்ணப் போன அந்தம்மாவை அவர்தான் தடுத்தாராம். அந்தம்மாவே சொன்னாங்க: "அந்தப் புள்ள கேட்டுகிட்ட நின்னு கண்ணைத் துடைச்சுட்டுத்தான் உள்ள வந்துது, இன்னைக்கு நாமளும் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு வேலைக்கு வராது, நீ போய் ஐஸ் எடுத்துட்டு வான்னு சொன்னாவ அவிய."

தளவாய்புரத்து அக்கா

ஐயாவோட அன்பை நினைச்சு அழுதேன், அது உண்மை. ஆனா மறுநாளே கை மறுபடியும் நடுங்க ஆரம்பிச்சுட்டுது. ஏழு வருசமா நான் ஊன்றி நின்னது ஒரு பொய் மேலன்னு தெரிஞ்சா வேற என்ன ஆகும்? நாலு நாள்ல மூணு பேருக்கு ரெண்டு தடவை குத்தினேன். மறுபடியும் அதே யோசனை, விட்டுடலாமா?

அஞ்சாம் நாள் தளவாய்புரம். நைட்டி கம்பெனியில தைக்கிற அக்கா, வேலைக்குப் போற அவசரத்துல இருந்தாங்க. கையை நீட்டும்போதே மன்னிப்பு கேட்டாங்க. எனக்கு நரம்பே கிடையாதுமா, போன இடமெல்லாம் திட்டுறாங்க, உன்னையும் பாடாப்படுத்தப் போறேன்னாங்க. கை சில்லுன்னு கிடந்துது, தடவிப் பார்த்தா நிஜமாவே ஒண்ணும் தட்டுப்படல. என் விரலும் நடுங்குது. ரெண்டு பேருல யாருக்குப் பயம் கூடன்னு எனக்கே தெரியல. அந்த முகத்தைப் பார்த்தேன், யோசிக்கவே இல்ல, வாய்தான் சொல்லுச்சு: யாருக்கா சொன்னது, இம்புட்டு நல்ல நரம்பை வச்சுக்கிட்டு. அவங்க நம்பாம சிரிச்சாங்க. சிரிச்சதுல தோள் இறங்குச்சு. நான் அந்தக் கையை என் ரெண்டு கைக்குள்ள வச்சுச் சூடு பண்ணினேன். செத்த நேரத்துல விரலுக்கடியில மெல்லிசா ஒண்ணு எழும்புச்சு. ஒரே குத்து. பட்டையை அவுத்தேன், பொறவு ஊசியை எடுத்தேன். கை நடுங்கல.

அக்கா வேலைக்குக் கிளம்பாம நின்னாங்க. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. கண்ணு கலங்கிருந்துது, சிரிக்கவும் செஞ்சாங்க. "கல்யாணம் ஆகி இருபது வருசத்துல என்கிட்ட ஒண்ணு நல்லாருக்குன்னு சொன்னது நீதாம்மா. அதுவும் போயும் போயும் நரம்பை."

ரத்தம் எடுக்கிற வரைக்கும் வெறும் வயிறா இருக்கணும்னுதான் நாங்க சொல்லுவோம். நல்ல வார்த்தை ஒண்ணு உள்ளே போனா மட்டும் ரிப்போர்ட் மாறுறதில்ல.