தக்காளி லாரியில் வந்த மட்கார்டு

என் கணவருக்குப் பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம் உண்டு என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போவார் என்று மட்டும் சொன்னார்கள். மூன்றும் உண்மைதான். கேட்காத கேள்விக்கு அவர்கள் ஏன் பதில் சொல்லப் போகிறார்கள்?

திருமணமான இரண்டாவது வருடம், நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்புக்குள் கிடந்த வண்டியை வாங்கி, வாடகை டெம்போவில் ஏற்றி ஓசூர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர்தான் அதை வண்டி என்றார். என் கண்ணுக்குத் தெரிந்தது ஓர் எஞ்சினும் இரண்டு சக்கரங்களும், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த கொஞ்சம் இரும்பும்தான். பெட்ரோல் டேங்க் இல்லை. முன்னும் பின்னும் மட்கார்டு இல்லை. இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய சைலன்சர்கள் இல்லை. சீட் இருக்க வேண்டிய இடத்தில் எறும்புகள் குடியிருந்தன.

"சாமானெல்லாம் கெடைக்கும். பொறுமையா சேக்கணும்" என்றார்.

முதலில் கிடைத்தது சைலன்சர்கள். பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் ஜோடியாக எடுத்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கூரியர் என்றால் கடிதமும் கல்யாணப் பத்திரிகையும்தான். பெரிய சாமான் என்றால் லாரி ஆபீஸில் போட வேண்டும். போட்டால் வந்துவிடும், எப்போது வரும், எந்த வடிவத்தில் வரும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். செலவில்லாத வழி ஒன்றுதான். அந்தப் பக்கம் போகிற சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வது. அந்த முறை அந்தச் சொந்தக்காரர் நான். பெங்களூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு சைலன்சர்களையும் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். பஸ்ஸில் மேலே வைக்க இடம் பத்தவில்லை. மடியில் குறுக்கே வைத்தால் பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மாவின் முகத்தில் இடித்தது. கடைசியில் இரண்டையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கொடிக்கம்பத்துக்குக் காவல் நிற்பவள் மாதிரி உட்கார்ந்தேன்.

எல்லை தாண்டியதும் நம் பக்கத்து செக்போஸ்டில் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். கர்நாடகத்துச் சாராய பாக்கெட் தமிழ்நாட்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பை பையாக அமுக்கிக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்து நின்றார்.

"இது என்னாம்மா?"

"சைலன்சர் சார்."

"சைலன்சர் ரோட்லதான போகும்? பஸ்ல ஏன் போவுது?" என்றவர் ஒன்றை வாங்கித் தட்டிப் பார்த்தார். மந்தமாகச் சத்தம் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள எத்தன பாக்கெட்டு வச்சிருக்க?"

"உள்ள கரிதான் சார் இருக்கு."

அவர் நம்பவில்லை. வேட்டியை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஓட்டையில் கண்ணை நன்றாக அழுத்தி வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தபோது அவருடைய வலது கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு கரி வளையம். மூக்கு நுனியில் ஒரு பொட்டு. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தோம். யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் அதே முகத்தோடு கடைசி சீட் வரை போய், ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்ததும் சிரிப்பைத் தொடங்கி வைத்தது கண்டக்டர்தான். பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் புடவைத் தலைப்பிலும் ஒரு கரி வளையம் இருந்தது.

அதற்குப் பிறகு குழந்தை பிறந்தது, வீடு கட்டினோம், என் கணவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது. இருபது வருடத்துக்குக் கிட்ட வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. டேங்க்கும் மட்கார்டும் இல்லாத அந்த உருவத்தில் சைலன்சர்கள் மட்டும் பளபளவென்று இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வீட்டைக் கழுவும்போது அவற்றுக்கும் ஒரு துணி போடுவேன்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் பைத்தியம் திரும்பி வந்தது. இப்போது அவர் கையில் போன் இருந்தது. போனில் இதே பைத்தியம் பிடித்தவர்களின் குழு இருந்தது. சென்னையில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் மொட்டை மாடியைக் காலி செய்கிறார், டேங்க்கும் இரண்டு மட்கார்டும் தருகிறார் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

பார்த்ததற்குக் காரணம் உண்டு. நான் பன்னிரண்டு வருடமாக ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருக்கிறேன். தினமும் நாடு முழுக்கப் பெட்டி அனுப்புவதுதான் என் வேலை. "இத என்கிட்ட விடுங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பிறகு நிறைய அனுபவித்தேன்.

சென்னைக்காரர் பேசக் கூச்சப்படுகிறவர். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்த அக்கா அப்படி இல்லை. வீடியோ காலில் நான் சொல்லச் சொல்லச் செய்தார். பின் மட்கார்டை மல்லாத்தி வைத்து, அதன் வளைவுக்குள் முன் மட்கார்டைப் பொருத்தி, நடுவில் டேங்க்கைப் படுக்க வைத்து, இடுக்கெல்லாம் பழைய நைட்டிகளைத் திணித்தார். மட்கார்டு சும்மா வளைந்திருக்கிறதே தவிர, மடங்குகிற பொருள் இல்லை. எப்படி வைத்தாலும் கட்டில் பாதி அளவுக்குப் பெட்டி வந்தது.

கூரியர் கவுண்டரில் இருந்தபடியே கூப்பிட்டார். "தங்கச்சி, தராசுல பதினோரு கிலோதான் காட்டுது. இவரு அறுபது கிலோன்றாரு. நீயே பேசு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரிதாக, லேசாக இருக்கும் பெட்டிக்கு எடை பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் அளந்து, அது அடைக்கும் இடத்துக்கு ஒரு எடை போட்டு, அதற்குத்தான் காசு கேட்பார்கள். கவுண்டர்காரரிடம் சண்டை பிடித்தேன்.

"இருக்கறதே பதினோரு கிலோ சார். மீதி அம்பது கிலோ எங்க இருக்கு?"

"உள்ள காத்து இருக்கே மேடம். காத்தும் வண்டியில எடத்த அடைக்குதில்ல?"

சண்டையை அதோடு விட்டுவிட்டேன். ஏனென்றால் அதே வாக்கியத்தை, அதே மேடம் என்ற மரியாதையோடு, போன வாரம்தான் கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவரிடம் நான் சொல்லியிருந்தேன்.

காற்றைக் குறைக்க டேங்க்கை மட்டும் தனியாக அனுப்பலாம் என்றால், பெட்ரோல் வாடை வருகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அக்கா டேங்க்குக்குள் சீயக்காய்த் தூள் போட்டு ஊறவைத்து, குலுக்கிக் கழுவி, வடகத்தோடு சேர்த்து மாடியில் இரண்டு நாள் காயவைத்தார். மறுபடி போனார். இந்த முறை அவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது என்ன வாடைன்னு தெரியலயே, தெரியாத வாடைய ஏத்தக்கூடாது" என்றார்களாம். லாரி பார்சல் சர்வீஸில் மரப்பெட்டி அடித்தால்தான் எடுப்போம் என்றார்கள். மரப்பெட்டி சாமானைவிடக் கனமாக வரும்.

நான் அலுவலகத்தில் தெரிந்த டிரான்ஸ்போர்ட்காரர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் என் கணவர் சாப்பிடும்போது தார்ப்பாயைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

கடைசியில் வழி சொன்னது கீழ்வீட்டுப் பெண்ணின் தம்பி. ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து சென்னை மார்க்கெட்டுக்குத் தக்காளி லாரி ஓட்டுகிறான்.

"என்னாக்கா இதுக்குப் போயி இத்தன ரோசன? போறப்ப தக்காளி, வர்றப்ப வெறும் கிரேட்டு. டேங்க் என்னா, வேணும்னா அந்தக்காவையே ஏத்திக்கினு வரலாம்."

பன்னிரண்டு வருட டெஸ்பாட்ச் அனுபவத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த அக்காவும் அவர் கணவரும் காலையில் ஆட்டோவில் சாமானோடு மார்க்கெட்டுக்குப் போய்க் கொடுத்தார்கள். டேங்க் ஒரு காலித் தக்காளிக் கிரேட்டுக்குள், மட்கார்டுகள் கிரேட்டுகளின் இடுக்கில். லாரி கிளம்பும்போது அந்த அக்கா கை காட்டும் போட்டோகூட எனக்கு வந்தது. டிரைவர் தம்பி காசு வாங்க மாட்டேன் என்றான். அன்று மாலை என் கணவர் தார்ப்பாயை எடுத்துவிட்டு வண்டியைத் துடைத்தார். நான் பெருமையில் கேசரி கிண்டினேன்.

மறுநாள் தம்பியின் போன் வந்தது. அவன் குரல் சரியில்லை.

"அக்கா, மண்டியில வண்டிய நிறுத்திட்டு டீ குடிக்கத்தான் போனேன். லோடுமேன்கள் கிரேட்ட எறக்கி, தோட்டத்துக்குப் போற பிக்கப்ல மாத்திட்டாங்க. உங்க சாமானும் சேந்து போயிடுச்சி."

"எந்தத் தோட்டத்துக்கு?"

"தளி தாண்டி, ஜவளகிரி. காட்டோரம்கா. போன் போட்டா டவர் கெடைக்கமாட்டேங்குது."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலிலிருந்தே ஸ்கூட்டரில் புறப்பட்டோம். நான் பட்டுப்புடவையில் இருந்தேன். ஜவளகிரியில் விசாரித்து, மண்பாதையில் இரண்டு தடவை வழி தப்பி, தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். ஐம்பது வயதிருக்கும் ஒரு விவசாயி வரப்பில் நின்றபடி, "பன்னி, பன்னி" என்று வரவேற்றார். கன்னடத்தில் வாருங்கள் என்று அர்த்தம். என் கணவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டால் லேசாகத் துள்ளத்தான் செய்வார்.

விஷயத்தைச் சொன்னோம். விவசாயியின் மனைவி உள்ளே போய், சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்த டேங்க்கை எடுத்து வந்தார். ஒரு கீறல் இல்லை. "வண்டி சாமான்னு தெரிஞ்சிதும்மா. யாராச்சும் தேடினு வருவாங்கோன்னு எடுத்து வச்சேன்."

"மட்கார்டு ரெண்டும்?" என்றார் என் கணவர்.

விவசாயியும் மனைவியும் எங்களைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார்கள்.

பின் மட்கார்டு தக்காளித் தோட்டத்தில் இருந்தது. மோட்டார் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் மண் அரிக்காமல் இருக்க, அதை மல்லாத்திப் பதித்திருந்தார்கள். தண்ணீர் அதில் விழுந்து வழுக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் போனது. அந்த வளைவு அந்த இடத்துக்கென்றே செய்தது போல இருந்ததை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். விவசாயி தயங்காமல் மோட்டாரை நிறுத்தி, அதைப் பிடுங்கிக் கழுவிக் கொடுத்தார்.

முன் மட்கார்டு ஒரு புங்க மரத்தில் கயிற்றில் தொங்கியது. பக்கத்தில் ஒரு கட்டை.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"ஆனைக்கும்மா. தக்காளி பழுத்தா காட்டுலருந்து வந்துரும். எண்ணெய் டின் தட்டுவோம், அதெல்லாம் அதுக்குப் பழகிப்போச்சி. இது வந்தப்புறம் ரெண்டு நாளா ஒண்ணியும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல." ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கோவில் மணிக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு சத்தம். என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யானைக்காக இல்லை, மட்கார்டின்மேல் விழுந்திருந்த நசுங்கல்களை விரலால் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்.

"இதுமட்டும் இருக்கட்டுமேங்க" என்றார் விவசாயி, மெதுவாக. "பயிரு முடிஞ்சப்புறம் குடுத்துடறேன்."

விஷயம், எங்கள் வண்டியா, அவருடைய தக்காளியா என்று வந்து நின்றது. என் கணவர் மரத்தைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், "பயிரு முடியட்டும்ங்க" என்றார். வாழ்க்கையில் அவரைப் பற்றி நான் பெருமைப்பட்ட சில தருணங்களில் அது ஒன்று. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வரும்போது டேங்க் அவர் காலிடுக்கில், பின் மட்கார்டு என் தோளில், ஒரு பை தக்காளி என் கையில். தளிக்கு வருவதற்குள் பட்டுப்புடவையில் செம்மண் ஒட்டி, புடவையின் நிறமே மாறிவிட்டது.

அந்த வாரமே என் கணவர் ஓசூர் பழைய இரும்புக் கடையில் தேடி, எந்த வண்டிக்கும் ஆகாத ஒரு துருப்பிடித்த மட்கார்டை வாங்கி, அடுத்த ஞாயிறு அவரே ஜவளகிரிக்குக் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட்டு, தன்னுடையதைக் கழற்றி வந்தார். பெயின்ட் அடிப்பவர் நசுங்கல்களைப் பார்த்து, "எதுல இடிச்சீங்க?" என்று கேட்டதற்கு, "யானை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

வண்டி இப்போது ஓடுகிறது. மேட்டில் கொஞ்சம் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். போன வாரம் விவசாயி எங்கேயோ டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து போன் செய்தார். பயிர் எப்படி என்று கேட்டேன்.

"பயிரு பரவால்லம்மா. ஆனா சார் குடுத்த தகரம் சரியில்ல. தட்டுனா ஆனை ஓடமாட்டேங்குது. நின்னு, காத ஆட்டினு கேக்குது."