தீட்டுக்காரர் டிக்கெட்

என்னை பிளாக்கில் டிக்கெட் விற்றவன் என்று சொல்லித் துரத்திய மேனேஜர் சார், பிளாக்கில் விற்றவர் நீங்கள்.

பெரம்பலூரில் ஒரு தியேட்டரில் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்தவன் நான். இந்த வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

1. போர்டு

பெரிய படம் வந்தால் கவுன்டரைத் திறந்த வேகத்தில் மூடிவிடுவோம். ஹவுஸ்ஃபுல் போர்டை நான்தான் மாட்டுவேன். உள்ளே பாதி சீட் காலி. அந்த டிக்கெட்டெல்லாம் பைக் ஸ்டாண்டில் மேனேஜரின் மச்சான் கையில் இருக்கும். அவர் வாயில் வந்ததுதான் விலை. கேட்டால், "ரசிகருங்களுக்குச் சேவை பண்றாருய்யா. நீ கேட்டைப் பாரு" என்பார் மேனேஜர்.

2. தீட்டு

அன்று மாலைக் காட்சி. குரும்பலூர் செல்வம், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். டிக்கெட்டை என்னிடம் நீட்டும்போதே போன் வந்தது. பேசி முடித்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"அண்ணே, ஜெயங்கொண்டத்துல எங்க சித்தப்பா தவறிட்டாரு. பங்காளித் தீட்டு. கருமாதி முடியிற வரைக்கும் படம் பாக்கக் கூடாது. டிக்கெட்ட எடுத்துக்கிட்டு காசக் குடுங்க. மாலை வாங்கணும், பஸ்சுக்கு வேணும்."

மேனேஜரிடம் கூட்டிப்போனேன்.

"வித்த டிக்கெட்ட திருப்பி வாங்குறதில்ல. போய் உக்காந்து பாருங்க. தீட்டு உங்களுக்குத்தான், டிக்கெட்டுக்கு இல்ல."

செல்வத்தின் பெண்டாட்டி அழுகையை நிறுத்தினார். "உங்க வூட்டுல சாவு விழுந்தா நீங்க படம் பாப்பீங்களா சார்?"

மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்து "ஹலோ" என்றார். போன் அடிக்கவே இல்லை.

வெளியே, சிறுவாச்சூரில் சாமி கும்பிட்டு வந்த ஒரு குடும்பத்தார் நாலு பேர் ஹவுஸ்ஃபுல் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அச்சடித்த விலைக்கே செல்வத்திடம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்தக் குடும்பத்து அம்மா தயங்கினார்.

"கோயிலுக்குப் போயிட்டு வரோம். தீட்டுக்காரங்க டிக்கெட்டையா வாங்குறது?"

"தீட்டு டிக்கெட்டுக்கு இல்லைன்னு மேனேஜரே சொல்லிட்டாரும்மா."

சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். செல்வம் குடும்பம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியது. பின்னாலிருந்து மேனேஜர் குரல்.

"கேட்டுல நின்னுக்கிட்டே பிளாக்குல விக்கிறியா? யூனிஃபார்மைக் கழட்டி வெச்சிட்டுப் போடா."

வேடிக்கை பார்க்க மச்சானும் வந்தார், கையில் டிக்கெட் கட்டோடு. "தியேட்டர் பேரையே கெடுத்துட்டியேப்பா" என்றார்.

3. அரியலூர்

வேறு வேலை தேடி அரியலூர் தியேட்டருக்குப் போனேன். அந்த ஊர் மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை.

"பெரம்பலூர்ல பிளாக்குல வித்த ஆளு நீங்கதானாமே? உங்க மேனேஜரு போன் பண்ணிட்டாரு."

இந்த முறை நிஜமாகவே போன் செய்திருக்கிறார்.

கேட்டைத் தவிர வேறு வேலை எனக்குத் தெரியாது. புதுப் பிள்ளைகளே, யாருக்காவது இப்படி உதவினால் விலையைச் சத்தமாகச் சொல்லுங்கள். நான் மெதுவாகச் சொன்னேன். எனக்குச் சாட்சி இல்லை.

மேனேஜர் சார், அடுத்த பெரிய படத்தின் முதல் நாள் கூட்டத்துக்கு முன்னால் வந்து நில்லுங்கள். அச்சடித்த விலைக்கு மேல் நான் செல்வத்துக்கு ஒரு ரூபாய் வாங்கித் தந்தேனா? உங்கள் மச்சானுக்கு அந்தக் கட்டைக் கொடுத்தது யார்? மைக் பிடித்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.