காலடி ஸ்பீக்கர்

சுவருக்குள் எங்கேயோ குழாய் கசிகிறது என்று சொல்லியனுப்பினால் மற்ற பிளம்பர்கள் சுத்தியலோடு வருவார்கள். இவர் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வருவார். நுனியைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பார். "இங்க இல்லம்மா. ரெண்டடி மேல, எல்போ வளைவு பக்கத்துல" என்பார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். முப்பத்தைந்து வருடத் தொழிலில் இந்தக் காது இரண்டே தடவைதான் ஏமாந்தது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது ஒன்பது வருடம் நடந்த ஏமாற்று.

அவரை எல்லோரும் குழாய் என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில் பாதிக் காரணம், மௌத் ஆர்கன் மீதிக் காரணம். வாரம் பூராவும் குழாய் மாட்டுவார், சனிக்கிழமை ஆனால் ஊதுவார். ஊதியது கூட்ஸ் வண்டி என்ற ப்ளூஸ் ராக் குழுவில். பேர் வைத்தவன் தீர்க்கதரிசி. மூன்றே மூன்று கிட்டார்ப் பிடிகளை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை அரை மணி நேரம் ஓட்டுவார்கள். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஜனம் காத்திருக்கும், ஆனால் சந்தோஷமாகக் காத்திருக்கும்.

குழுவை ஆரம்பித்தது அவர் மனைவியின் அண்ணன். கிட்டாரும் அவர்தான், பாட்டும் அவர்தான். குழாய்க்கு அவர் மச்சான் மட்டுமல்ல, கடவுளுக்கு ஒரு படி கீழே. ஆறேழு ஊர்களைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். பள்ளிக்கூட அரங்கம், மில் குடோன், எங்கே இடம் கிடைத்தாலும் சரி. அவ்வப்போது வெளியாட்களும் வந்து சேர்ந்து வாசித்தார்கள். ஒரு டிரம்பெட்காரர், பின்பாட்டுக்கு இரண்டு அக்கா தங்கைகள், ஒரே ஒரு நாள் வந்து டாம்பரின் தட்டிவிட்டுப் போன ஒரு பல் டாக்டர். அத்தனை கச்சேரியையும் சவுண்டுக்காரர் எல்லா மைக்கும் வந்து சேரும் தன் மிக்ஸர் பெட்டியிலிருந்து நேராக டேப்பில் இழுத்து, வீட்டு இரும்பு பீரோவில் அடுக்கி வைத்தார். குழாய் காப்பி கேட்கும்போதெல்லாம், "போட்டுத் தர்றேன்பா, எங்க ஓடப்போவுது?" என்பார்.

குழாய்க்கு மேடையில் இடது ஓரம். முன்னால் ஒரு மைக், காலடியில் ஒரு ஸ்பீக்கர். ஜனங்களுக்குப் போகிற ஸ்பீக்கர்கள் வேறு. காலடியில் இருப்பது, வாசிப்பவர் தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொள்ள. அதில் தன்னைக் கேட்டுக் கேட்டு மனிதர் சொக்கிப் போவார்.

அவர் வாழ்க்கையில் ஒரு நாள் உண்டு. மழை நாள், மத்தியானம், தகரக் கூரை போட்ட குடோன். பாட்டின் நடுவில் மச்சான் கிட்டாரை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் ஒதுங்கினார். மேடையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று குழாய்க்குப் புரிந்தது. கண்ணை மூடி ஏழு நிமிடம் ஊதினார். கடைசியில் மச்சான் திரும்பி வந்து கம்பியைத் தட்டியதும், ஜனம் எழுந்து நின்று கத்தியது. மூன்றாவது வரிசையில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேருக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கும்? இருபது வருடமாக அந்தக் கதையைச் சொல்லாத பாத்ரூம் இல்லை. வீட்டுக்காரர்கள் கசிவு நின்றதற்கு ஒரு தடவையும், கதை நின்றதற்கு ஒரு தடவையும் நன்றி சொல்வார்கள்.

ஒன்பது வருடம் ஓடி, குழு கலைந்தது. போன வருடம் மச்சான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் நினைவாக, பழைய ரசிகர்கள் சிலர் சேர்ந்து சவுண்டுக்காரரின் பீரோவைத் திறந்து, ஆறு சிடி போட்டு, ஒரு பெட்டியாக வெளியிட்டார்கள். பெட்டி குழாய் வீட்டுக்கும் வந்தது. உள்ளே ஒரு சிறு புத்தகம். உடன் வாசித்தவர்கள் பட்டியலில் 'மௌத் ஆர்கன்: குழாய்' என்று அச்சடித்திருந்தது. கன்னம் உப்பிய போட்டோவும் இருந்தது. மூன்றாவது சிடியில் அந்த மழை நாள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளையும் மாப்பிள்ளையையும் வரச்சொன்னார். புதுச்சட்டை போட்டுக்கொண்டார், சிடி கேட்பதற்கு. பாட்டு ஓடியது. தகரத்தில் மழை சத்தம்கூடக் கேட்டது. மச்சானின் கிட்டார் நின்றது.

"இப்ப கேளுங்க" என்று குழாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

டிரம்ஸ் ஓடியது. பேஸ் கிட்டார் ஓடியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"எப்ப மாமா வரும்?" என்றார் மாப்பிள்ளை, மரியாதையாகத்தான்.

"வரும். இப்ப வந்துரும்."

வரவில்லை. ஏழு நிமிடம் முடிந்தது, கிட்டார் வந்தது, ஜனம் கத்தியது. மகள் சட்டென்று புத்தகத்தைப் புரட்டி, "இதப் பத்தி எழுதியிருக்காங்கப்பா" என்று வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். குழாய் பிடுங்கிப் படித்தார். 'மெட்டே இல்லாமல் ஏழு நிமிடம் வெறுமையாக ஓட விட்ட துணிச்சல் வேறு எந்தக் குழுவுக்கு வரும்?' என்று யாரோ ஒரு மேதாவி எழுதியிருந்தான்.

அவர்கள் கிளம்பியதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரும்பப் போட்டார். நாலாவது தடவை அந்தப் பிளம்பர் காதுக்கு அகப்பட்டது. டிரம்ஸுக்குப் பின்னால், எங்கேயோ சுவருக்குள் சொட்டுவது போல, மௌத் ஆர்கன். டிரம்ஸ் மைக்கில் அது கசிந்திருந்தது. கசிவு இருக்கிறது என்றுதான் தெரிந்தது. தண்ணீர் இனிப்பா உப்பா என்று சுவரில் காதை வைத்துச் சொல்ல முடியுமா?

நேராகச் சவுண்டுக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் சால்டரிங் இரும்பைக் கீழே வைத்தார்.

"பொட்டி வந்துருச்சாப்பா?"

"என் மைக் எங்க போச்சு?"

"எங்கயும் போவல. காலடி ஸ்பீக்கருக்குப் போச்சு."

"ஜனங்களுக்கு?"

சவுண்டுக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். "ஜனங்களுக்குப் போனாத்தான் டேப்புக்கும் வரும். ரெண்டுக்கும் போவல."

"எத்தன நாளா?"

"மொத வருஷத்துலேர்ந்தேப்பா. நீ மோசம்னு சொல்ல மாட்டேன். அடங்க மாட்ட. அவன் பாட வாயத் தொறந்தா நீயும் ஊதுவ. உன்ன நிறுத்திடணும்னுதான் உன் மச்சான் மொதல்ல சொன்னான்."

ஒன்பது வருடம்! செவிடன் காதில் சங்கு ஊதினால் பழி செவிடனுக்குப் போகும். இங்கே காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தன, சங்கின் வாயைத்தான் கட்டிவிட்டார்கள். டிரம்ஸ்காரனுக்குத் தெரியும், பேஸ்காரனுக்குத் தெரியும், அந்தப் பல் டாக்டருக்குக்கூடத் தெரிந்திருக்கும். கீழே இறங்கி வந்து "எப்படி இருந்துச்சு?" என்று இவர் கேட்டபோதெல்லாம், "பிரமாதம்" என்று கை குலுக்கியிருக்கிறார்கள், பாவிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இவர் கேள்விப்பட்டிருக்கிறார். மேடையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முழு மனிதனை மறைத்ததை இப்போதுதான் பார்த்தார்.

"அன்னைக்கு மழையில எனக்காகத்தான ஒதுங்கினாரு?"

"கம்பி அறுந்துபோச்சு. வேற மாட்டினான், அதுவும் அறுந்துச்சு."

"அப்ப நீயாவது ஏத்தி விட்டிருக்கலாமேய்யா! ஏழு நிமிஷம் மேல ஒண்ணுமே இல்லாம கெடந்துச்சே!"

சவுண்டுக்காரர் இரும்பைத் திரும்பக் கையில் எடுத்தார். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன்பா."

குழாய் எழுந்தார். வாசல்வரை போனவரைச் சவுண்டுக்காரர் கூப்பிட்டார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சில பேருக்கு மனச்சாட்சி தவறான நேரத்தில்தான் முழித்துக்கொள்ளும்.

"மச்சான் மேல மட்டும் கோவப்படாத. நிறுத்திடுன்னவன் ஒரு வாரம் கழிச்சு வந்து, 'நிக்கட்டும், சத்தத்த மட்டும் காலடியோட விடு'ன்னான். ஏன்டான்னேன். 'தங்கச்சி வந்து அழுவுறா, அவ சொன்ன யோசனை'ன்னான்."

வீட்டில் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து நின்ற நிலையிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கையில் இருந்த சட்டையை மட்டும் மடித்து முடித்தாள்.

"அண்ணனும் தங்கச்சியும் சேந்து கழுத்தறுத்துட்டீங்களே" என்றார். சத்தம் போடவில்லை. "அவராவது போய்ச் சேந்துட்டாரு. நீ இருபத்தொம்போது வருஷமா என்கூட உக்காந்து சாப்புடுற."

"ஏங்க, வாரம் பூரா அடுத்தவங்க கக்கூஸ் அடைப்ப எடுத்துட்டு வருவீங்க. சனிக்கிழம அந்த மேடையில நிக்கும்போதுதான் உங்க மூஞ்சி மூஞ்சியா இருக்கும். அத எப்படிங்க நான் புடுங்கறது? சத்தம் வெளிய வராம பண்ண முடியாதாண்ணான்னு ஒரு வார்த்த கேட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஊரு முன்னாடி கோமாளியா நிக்க வெச்சுட்டு, அவ்வளவுதானா?"

"யாரும் சிரிக்கலைங்க."

"சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லடி! சிரிக்கறதுக்காவது கேட்டிருக்கணும்!"

அவள் அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அந்த மூன்றாவது வரிசை ஞாபகம் வந்தது. எல்லாம் போனாலும் அது ஒன்று கையில் இருக்கிறது என்று, முங்குகிறவன் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்தார்.

"அன்னைக்கு மழையில அழுதியே. அது நெஜம்தான?"

"நெஜம்தாங்க."

"எதுக்கு அழுத?"

அவள் ஒரு துண்டை எடுத்து விரித்தாள், மடித்தாள், திரும்ப விரித்தாள்.

"கண்ண மூடிட்டு அவ்வளவு சந்தோஷமா ஊதிட்டிருந்தீங்க. ஒருத்தருக்கும் கேக்கலன்னு தெரியாம. அதப் பாத்து அழுதேன்."

குழாய் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் மௌத் ஆர்கன் இருந்தது, காலையில் மாப்பிள்ளைக்குக் காட்ட எடுத்து வைத்தது. அதை வெளியே எடுத்து, துடைத்து, மேஜைமேல் வைத்தார். வாடிக்கையாளரிடம் பேசுகிற அடக்கமான குரலில் கேட்டார்.

"சரி, விடு. அன்னைக்கு நான் நல்லா வாசிச்சேனா, இல்லையா? அதையாவது சொல்லு."

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி. "எனக்குத்தான் கேக்கவே இல்லையே."