சகாயத்தின் கண்ணோரக் கோடுகள்

சென்ற ஆண்டு அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை. சிதம்பரத்தில் என் போர்ட்ரெய்ட் கடையை நான் திறக்கும் முன்பே, கடலூர் பழைய டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்த ஸ்டெல்லா என்ற பெண் வாசலில் நின்றார். கையில் கணவர் சகாயத்தின் டிரைவிங் லைசென்ஸ். லாரி ஓட்டியவர், மகள் பிறக்கும் முன்பே விபத்தில் இறந்துவிட்டார். கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறிப்போனது. மிஞ்சியது லைசென்ஸில் இருந்த ஃபோட்டோதான். அதில் மனிதர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்குப் பத்து வயசாவுது சார். 'அப்பா கோவக்காரராம்மா, இருந்திருந்தா என்னை அடிச்சிருப்பாரா'ன்னு கேக்குறா. அவுரு சிரிக்காத நேரமே கெடையாது. ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளு. அதுக்குள்ள சிரிச்ச மாதிரி வரைஞ்சு குடுங்க."

அவசரம் என்பதால் சீக்கிரம் காயும் அக்ரிலிக் பெயிண்டில் வரைந்தேன். உதட்டோரத்தைச் சற்று உயர்த்தினேன். இறந்தவர் படத்துக்குச் சுருக்கம் போடாமல் விடுவது எங்கள் தொழிலில் பழக்கம். குடும்பத்தார் இறந்தவரை இளமையாகவே பார்க்க விரும்புவார்கள். அதனால் கண்ணோரத்தை வழவழப்பாக ஃபினிஷ் செய்தேன்.

வியாழக்கிழமை வந்த ஸ்டெல்லா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு சார் இது? ஓட்டு கேக்க வந்தவரு மாதிரி சிரிக்கிறாரு."

"அவர் எப்டிம்மா சிரிப்பாரு?"

"சொல்லத் தெரியல சார். வாய ஜாஸ்தி தெறக்க மாட்டாரு. ரோட்ல எவனாவது குறுக்க வந்தாக்கூட, 'பாத்துப் போ மச்சான், ஊட்ல தேடுவாங்க'ன்னு சொல்லிட்டு, இப்டி…"

செய்து காட்டினார். கன்னம் மேலேறியது. கீழ் இமை மடிந்து, இடது கண் மட்டும் பாதி மூடியது. கண்ணோரத்தில் கோடுகள் விசிறியாக விரிந்தன. மறுநொடியே முகம் அணைந்துவிட்டது.

"இன்னொரு தடவ செய்ங்கம்மா."

"போங்க சார், வெக்கமா இருக்கு."

ஆனாலும் செய்தார். மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, அவர் கண்ணோரக் கோடுகளைச் சகாயத்தின் கண்ணோரத்தில் இட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் மறுபடி சிரித்துக் காட்டச் சொன்னேன். கடைசி முறை சிரித்தபோது அவர் கண்கள் நிறைந்துவிட்டன. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மகள் பிரின்சியை அழைத்து வந்தார். அவள் படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள்.

"அம்மா, எப்பனாச்சும் நீ சிரிப்பியே, அதே மாதிரி இருக்காரு!"

"அவுருகிட்ட கத்துக்கிட்டதுதான்டி அது," என்றார் ஸ்டெல்லா.

நாற்பதாண்டு பிரஷ் பிடித்த பிறகு நான் கற்றது இது. இப்போதெல்லாம் இறந்தவர் படம் கேட்டு யார் வந்தாலும், ஃபோட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் எப்படிச் சிரிப்பார் என்று கேட்கிறேன். யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை, செய்துதான் காட்டுகிறார்கள். நான் அந்த முகத்தைப் பார்த்து வரைகிறேன்.