‘ஏளு’ என்றதும் எழுந்துவிட்டேன்

சில வருடங்களுக்கு முன்பு, மழை நின்று குளிர் ஆரம்பித்திருந்த சமயம். பெங்களூருவில் ஒரு பெரிய மருத்துவமனையில், போதையிலிருந்து மீட்கும் பிரிவின் மாடியில் இருந்த ஒரு சின்ன அறையில் நடந்தது இது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் எழுதுகிறேன்.

போதைப் பிரிவு என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் தோன்றியது. குடிகாரர்கள் போகிற இடம் என்று நினைத்திருந்தேன். நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குப் பாக்கெட் வைத்துத் தைக்கிறவள். ஈரமான படிக்கட்டில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டது. வலிக்கு டாக்டர் சில நாட்களுக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டதும் வலி போனது. கூடவே, யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டது போல ஒரு சுகமும் வந்தது. முதுகு சரியான பிறகும் நான் மருந்துக் கடையில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தேன். அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒன்று இரண்டானது. இரண்டும் போதவில்லை. ஒரு வேளை போடாவிட்டால் கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், காலை எங்கே வைப்பது என்று தெரியாத தவிப்பு. என் வீட்டுக்காரர் ஏதோ விஷக்காய்ச்சல் என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். வேலையில் பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் ஒருநாள் வாய்க்கு வரவே இல்லை. கடைசியில் தலையணைக்குள் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்த என் வீட்டுக்காரர், ஒரு வார்த்தை திட்டாமல் என்னை அந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அங்கே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது கரையும் வரை பேசக் கூடாது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. சில நாட்களில் தவிப்பு அடங்கியது. ஆனால் மண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம் இருந்தது.

என் வீட்டுக்காரரின் அக்கா எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த வாரங்களில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது அவர்தான். ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் நான் உள்ளே படுத்திருந்தது தெரிந்தே தம்பியிடம் சொன்னார்.

“ஒரு மாத்திரைய விடறதுக்கு இன்னொரு மாத்திரையா? இவ தலைக்குள்ள இனிமே மூளை இல்லடா தம்பி, காலி மாத்திரை அட்டைதான் இருக்குது.”

என் வீட்டுக்காரர் பதிலுக்கு ஏதோ சத்தம் போட்டார். எனக்கு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுபடி மெஷினில் உட்கார முடியுமா என்று டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கவனம், ஞாபகம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். அப்போதே நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். மூளை போய்விட்டது என்று தெரிந்தால், அண்ணி சொல்வதுபோல இனி இது எதற்கு என்று இந்த மாத்திரையையும் நிறுத்திவிடுவது. யாரிடமும் சொல்லவில்லை.

சோதனை வைத்தது ஒரு கன்னடப் பெண். சின்ன வயது, மெல்லிய குரல். “கன்னட பருத்தா?” என்று கேட்டாள். கன்னடம் வருமா என்று. இத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வராது என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் சொல்கிற மாதிரி “பருத்தே” என்று தலையாட்டிவிட்டேன்.

என் கன்னடம் பாலும் தயிரும் வாங்குகிற கன்னடம். அந்தப் பெண் வரிசையாக வார்த்தைகளைச் சொன்னாள், நான் ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையைத் தமிழாக்கி மனதில் வைப்பதற்குள் அடுத்த இரண்டு கடந்து போய்விட்டன. சில வார்த்தைகள் என்னவென்றே தெரியவில்லை. மூன்றோ நாலோதான் சொன்னேன். அதே வார்த்தைகளை மறுபடி படித்தாள். மறுபடியும் அப்படித்தான். அவள் குனிந்து எழுதிக்கொள்வதைப் பார்த்தேன். அண்ணி சொன்னது சரிதான், உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

அடுத்தது எண்கள் என்று சொன்னாளாம். அது என் காதில் விழவே இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஏளு” என்றாள்.

எங்கள் கார்மெண்ட்ஸில் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சூபர்வைசர் வந்து “ஏளு, ஏளு” என்றுதான் விரட்டுவார். எழுந்திரு என்று அர்த்தம். மரியாதையாகச் சொல்வதென்றால் ‘ஏளி’ என்பார்கள். இவ்வளவு நேரம் பணிவாகப் பேசிய பெண்ணே பொறுமை இழந்து, இவளை வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை என்று எழுந்து போகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். “சரிங்க மேடம்” என்று பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“யாக்கம்மா? எதுக்கு எழுந்துட்டீங்க?” என்று அவள் பதறி எழுந்தாள். எனக்காகத் தமிழுக்கு மாறியிருந்தாள்.

“நீங்கதானே மேடம் ஏளுன்னீங்க.”

ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ, அது நம்பர் அம்மா. ஏழு. உங்களப் போய் நான் ஏளுன்னு சொல்வேனா? ஏளின்னுதானே சொல்வேன்.”

தமிழிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற எண் அது. எழுந்து போ என்று சொல்வார்கள் என்று பயந்து பயந்து உட்கார்ந்திருந்த எனக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கிறது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள். என்னை மறுபடி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, இதுவரை என் வாழ்க்கையில் யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“மனசுக்குள்ள எண்ணும்போது எந்த பாஷைல எண்ணுவீங்க?”

“தமிழ்லதான்” என்றேன். ஏதோ திருடி மாட்டிக்கொண்டவளைப் போல மெதுவாகத்தான் சொன்னேன்.

அதுவரை எழுதியதை அவள் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். இது கணக்கில் வராது, ஆரம்பத்திலேயே இதைக் கேட்காதது தன் தப்புதான் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு என்ன தைரியம் வந்ததோ, மாத்திரையை நிறுத்திவிடுவதாக இருந்த என் முடிவை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நானாக நிறுத்தினால் பழைய மாத்திரை என்னை மறுபடி இழுத்துக்கொள்ளும், அப்போது முன்னால் போட்ட அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஆரம்பத்தில் தூக்கம் சரியாக இருக்காது, மருந்தின் அளவும் இன்னும் படிந்திருக்காது, அதனால் மந்தம் இருக்கும், உடம்பு நிலைக்கு வர வர பலருக்கும் தலை தெளியும் என்றாள். டாக்டரையும் அப்போதே கூப்பிட்டுப் பேசவைத்தாள்.

வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“தினம் காலைல நான் தொண்டை கிழிய எழுப்புறேன், அசைய மாட்டேங்குற. கன்னடத்துல சொன்னாதான் எழுந்திரிப்பியா?” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சில வாரம் கழித்துத் தமிழில் சோதனை வைத்தார்கள். வைத்தவர் இதே ஊரில் ரிச்சர்ட்ஸ் டவுனைச் சேர்ந்த தமிழர், என் வயதுதான் இருக்கும். கதை அவருக்கும் போயிருந்தது. “உட்காருங்க சிஸ்டர். நடுவுல ஏழு வரும். வந்தாலும் உட்கார்ந்தே இருங்க” என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பயம் போய்விட்டது. வார்த்தைகள் தமிழில் வந்தபோது ஒவ்வொன்றும் தெரிந்தவர் வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்து உட்கார்ந்தன. வேகமாகச் செய்ய வேண்டியவற்றில் கை கொஞ்சம் தாமதம், ஞாபகத்துக்குக் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். முதலில் நூல் வெட்டுகிற லேசான வேலைக்குப் போகலாம், பிறகு மெஷினுக்குப் போகலாம் என்றார்.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். “சரி, மூளை இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே குக்கர்ல தண்ணி ஊத்தலைன்னா திமிருன்னுதான் சொல்லுவேன்” என்றார். அன்று ராத்திரி கோழிக்குழம்பு வந்தது.

இப்போது நான் பழையபடி பாக்கெட் தைக்கிறேன். நேராகத்தான் தைக்கிறேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை டாக்டர் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார், எனக்கு அவசரம் இல்லை. எப்போதாவது ஏதாவது மறந்துபோனால் பழைய பயம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அந்தப் பெண் அன்றைக்குக் கதவருகே என்னை நிறுத்தி, உட்காரவைத்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், இல்லாத ஒரு குறையை நம்பி, இருந்த மருந்தையும் விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்பதை நினைக்கும்போது, வாயைத் திறந்து ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வதற்கு இனி ஒருபோதும் கூச்சப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.